டிரெய்லருக்குப் பிரேக் கண்ட்ரோலர்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

மே 2, வாசகர் கேள்வி

ஒற்றை ஆக்சில் கேம்பிங் டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றினால் 1,400 கிலோ வரும். இழுக்கும் வண்டியில் 7-பின் சாக்கெட் இருக்கிறது, பிரேக் கண்ட்ரோலர் இல்லை. "உங்கள் வண்டி பிரேக்கே தாங்கும், வேண்டுமானால் ஒரு டைமர் பெட்டி மாட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார் விற்றவர். இல்லாமலே ஓட்டலாமா? மாட்டுவதென்றால் எந்த வகை? நானே மாட்ட முடியுமா?

மே 2, இரவு

ஓட்டாதீர்கள்.

7-பின் சாக்கெட் இருந்தால் பிரேக்கும் வேலை செய்யும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். விளக்கு எரியும், இண்டிகேட்டர் போடும், டிரெய்லர் பேட்டரிகூட சார்ஜ் ஆகும். ஆனால் அந்த ஏழு பின்னில் பிரேக்குக்கு உரியது ஒன்றுதான். நீங்கள் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டிதான் கண்ட்ரோலர். நீல ஒயர் போய்ச் சேரும் அந்தப் பின்னில் அது இல்லாமல் மின்சாரம் வராது. டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டப் பார்க்கும். டிரம் அதைத் தன்னோடு இழுக்கும், அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தள்ளும், நெம்புகோல் டிரம்மில் உரசி நிறுத்தும் ஷூக்களை விரிக்கும். மின்சாரம் இல்லையென்றால் ஷூ ஒரு இழை அசையாது.

80 கி.மீ. வேகத்தில் ஓடும் 1,400 கிலோவுக்குள் சுமார் 3.5 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. 100 கி.மீ. என்றால் 5.4 லட்சம். டிரெய்லர் பிரேக் இல்லாவிட்டால் இவ்வளவையும் உங்கள் வண்டியின் டிஸ்க்குகள்தான், தங்கள் சொந்தச் சுமைக்கு மேல், வெப்பமாக மாற்ற வேண்டும். சமதளத்தில் ஒருமுறை தாங்கும். இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் தாங்காது.

சட்டமும் அப்படித்தான். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு எல்லை 750 கிலோ. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டு, அதாவது 1,360 கிலோ. கலிபோர்னியாவில் கேம்பிங் டிரெய்லருக்கு 1,500 பவுண்டிலேயே, சுமார் 680 கிலோவிலேயே, பிரேக் கட்டாயம். உங்கள் 1,400 கிலோ இவை எல்லாவற்றையும் தாண்டுகிறது.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். டிரெய்லருக்கு அடியில் தலையை நுழைத்து, சக்கரத்தின் பின்தட்டிலிருந்து இரண்டு ஒயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் மின் பிரேக், கண்ட்ரோலர் வேண்டும். ஒயர் இல்லாமல், ஹிட்ச் (வண்டியோடு டிரெய்லரைச் சேர்க்கும் இணைப்பு) தலை முன்னும் பின்னும் நகரும் அமைப்பாக இருந்தால் அது உந்துவிசையில் இயங்கும் ஓவர்ரன் பிரேக். அதற்குக் கண்ட்ரோலர் தேவையே இல்லை.

மே 3

எந்த வகை என்ற கேள்விக்கு வருகிறேன். சந்தையில் இரண்டு குணம்தான் உண்டு.

டைமர் வகைக்கு நீங்கள் பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று தெரியாது. பிரேக் லைட் எரிந்ததா, அது மட்டும்தான் தெரியும். எரிந்ததும், நீங்கள் வைத்த அளவு வரை வோல்டேஜை நீங்கள் வைத்த வேகத்தில் ஏற்றும். விகிதாசார வகைக்குள் வேகக்குறைவை அளக்கும் சென்சார் இருக்கிறது. வண்டி மெதுவாக நின்றால் டிரெய்லருக்கு மெதுவாகக் கொடுக்கும், சட்டென்று நின்றால் சட்டென்று கொடுக்கும்.

நான் முன்பு வைத்திருந்த சின்ன டிரெய்லரில் டைமர் பெட்டிதான் இருந்தது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதன் குணம் தெரியும். பெடல் மேல் கால் லேசாகப் பட்டபடி வண்டி நகர்ந்துகொண்டிருக்கும், அந்தப் பெட்டி வோல்டேஜை முழு அளவுக்கு ஏற்றிவிடும், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல வண்டி குலுங்கி நிற்கும். அதற்காக ஏறும் வேகத்தைக் குறைத்து வைத்தால், திடீரென்று நிறுத்த வேண்டிய நேரத்தில் டிரெய்லர் பிரேக் தாமதமாக வந்து சேரும். நெரிசலுக்குச் சரியாக வைத்தால் அவசரத்துக்குச் சரியில்லை, அவசரத்துக்கு வைத்தால் நெரிசலில் நிம்மதியில்லை.

டைமரின் பக்கம் சொல்வதற்கு ஒன்று உண்டு. அதை எந்தக் கோணத்திலும் மாட்டலாம், உள்ளே நகரும் பாகமோ சென்சாரோ இல்லாததால் பழுதும் குறைவு. சமதளத்தில் எப்போதோ ஒருமுறை ஒரு சரக்கு டிரெய்லரை இழுப்பவருக்கு அது போதும். குடும்பத்தோடு மலையேறப் போகிறவருக்கு விகிதாசாரம்தான்.

மே 3, சற்று நேரம் கழித்து

மேலே "இரண்டு குணம்தான்" என்று எழுதினேன். மூன்றாவதையும் சேர்க்க வேண்டும்: வண்டி தயாரிப்பாளரே பொருத்தித் தரும் கண்ட்ரோலர். ஃபோர்டு 2005 மாடல் சூப்பர் டியூட்டியில் இதைக் கொண்டுவந்தது, இப்போது பெரிய பிக்கப்களில் பரவலாகக் கிடைக்கிறது. இவற்றில் பல, வண்டியின் பிரேக் ஆயில் அழுத்தத்தையே படிக்கின்றன. வண்டி வேகம் குறைய ஆரம்பிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கால் அழுத்தியதுமே தகவல் போய்விடும். உங்கள் வண்டிக்கு அந்த வசதி இருந்தால் வெளிப்பெட்டி எதையும் தேட வேண்டாம்.

மே 5

பெயர் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விகிதாசார வகையில் பலரும் வைத்திருப்பது டெகோன்ஷா ப்ராடிஜி பி2, பி3. பி3-யில் திரை பெரியது, மின் பிரேக்குக்கும் மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலைட்தான் எங்கும். அதில் பெட்டியை டேஷ்போர்டுக்குள் ஒளித்துவிட்டு ஒரு குமிழை மட்டும் வெளியே வைக்கலாம். முழங்கால் இடிக்கும் சின்ன வண்டிகளுக்கு இந்தக் குமிழ் வகை நிம்மதி.

டிஸ்க் பிரேக் உள்ள டிரெய்லர் வைத்திருப்பவர் இங்கே யாராவது இருந்தால் ஒரு வார்த்தை: உங்கள் டிரெய்லரில் இருப்பது அநேகமாக மின்-ஹைட்ராலிக். எல்லாக் கண்ட்ரோலரும் அதோடு ஒத்துப்போகாது. பெட்டியின் கையேட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

மே 5, மறுபடியும்

கை லீவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன், எனக்கு அதுதான் முக்கியம். எல்லாக் கண்ட்ரோலரிலும் வண்டி பிரேக்கைத் தொடாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க ஒரு லீவரோ பொத்தானோ இருக்கும். பக்கவாட்டுக் காற்றிலோ பெரிய லாரி கடக்கும்போதோ டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தால் செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது, ஸ்டீயரிங்கை நேராகப் பிடிப்பது, கை லீவரை அழுத்துவது. டிரெய்லர் பின்னாலிருந்து இழுக்கும்போது இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். வண்டி பிரேக்கைப் பலமாக மிதித்தால் டிரெய்லர் முன்னால் தள்ளி ஆட்டம் பெரிதாகும்.

ஆகவே கடையில் பெட்டியைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இருட்டில், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், என் கை இந்த லீவரைத் தேடாமல் தொடுமா?

மே 6

கைப்பேசியில் இயங்கும் வகை எப்படி என்று கேட்டவருக்கு. கர்ட் எக்கோ மாதிரியானது வண்டி சாக்கெட்டுக்கும் டிரெய்லர் பிளக்குக்கும் நடுவில் செருகிக்கொள்ளும், ப்ளூடூத் வழியாகக் கைப்பேசியில் அளவை மாற்றலாம். டேஷ்போர்டில் ஒரு ஒயரும் வெட்ட வேண்டாம். எனக்கு இது பிடிக்கவில்லை. நேற்று லீவரைப் பற்றி எழுதியதே காரணம். டிரெய்லர் ஆடும்போது கைப்பேசித் திரையில் பொத்தானைத் தேட முடியாது.

மே 7

இரவெல்லாம் யோசித்ததில் நேற்றைய குறிப்பு கொஞ்சம் கறாராகத் தெரிகிறது. ஒரே டிரெய்லரை வீட்டில் இரண்டு மூன்று வண்டிகள் மாற்றி மாற்றி இழுக்கிறதென்றால், அல்லது வண்டி குத்தகையில் இருந்து ஒயரில் கை வைக்கக் கூடாதென்றால், செருகும் வகைதான் நடைமுறை. டிரெய்லரிலேயே பொருத்தி, கேபினுக்குள் கையடக்கக் கருவி வைத்துக்கொள்ளும் ப்ராடிஜி ஆர்எஃப் அந்த இடத்துக்கு இன்னும் நல்லது, கையில் பிடிக்க ஒரு பொருளாவது இருக்கிறது. ஒரே வண்டி, ஒரே டிரெய்லர், வருடக்கணக்கில் ஓட்டப்போகிறேன் என்பவருக்கு என் பதில் மாறவில்லை: ஒயர் போட்டு நிரந்தரமாக மாட்டுங்கள்.

மே 9

ஒயரிங். இதை நிதானமாக எழுதுகிறேன், கண்ட்ரோலர் விஷயத்தில் நல்லதும் கெட்டதும் இங்கேதான் தீர்மானமாகிறது. நல்ல பெட்டியை மோசமான ஒயரில் மாட்டியவரைவிட, சுமாரான பெட்டியை ஒழுங்கான ஒயரில் மாட்டியவரின் டிரெய்லர் நன்றாக நிற்கும்.

உங்கள் வண்டியில் தயாரிப்பாளரின் இழுவை வசதி இருந்தால் முதலில் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள். பெடலுக்கு மேலேயோ பக்கத்திலேயோ ஒரு காலி கனெக்டர் தொங்கும். அந்த வண்டிக்கென்றே ஒரு இணைப்பு ஒயர் கிடைக்கும், ஒருமுனை அதில், மறுமுனை கண்ட்ரோலரில். வேலை முடிந்தது. கீழே வருவதெல்லாம் அது இல்லாதவர்களுக்கு.

பெட்டியிலிருந்து நான்கு ஒயர் வரும். வெள்ளை எர்த். கறுப்பு பேட்டரி பாசிட்டிவ். சிவப்பு பிரேக் லைட் சுவிட்ச். நீலம் டிரெய்லருக்குப் போகும் பிரேக் மின்சாரம். பொதுவாக எல்லா உற்பத்தியாளரும் இந்த நிறங்களைத்தான் வைக்கிறார்கள், ஆனாலும் உங்கள் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒன்றையும் இணைக்காதீர்கள்.

கறுப்பை நேரே பேட்டரிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் கிடைக்கும் சிகரெட் லைட்டர் ஒயரிலோ ரேடியோ ஒயரிலோ கடன் வாங்கக் கூடாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு சர்க்யூட் பிரேக்கர்: ஒன்று அல்லது இரண்டு ஆக்சிலுக்கு 20 ஆம்ப், அதற்கு மேல் 30. தானாகத் திரும்பிச் சேரும் வகையை வாங்குங்கள். பிரேக் ஒயரில் ஃபியூஸ் போய்விட்டால் அடுத்த முறை மிதிக்கும்போது ஒன்றுமே இருக்காது. தானாகச் சேரும் பிரேக்கர் சூடு தணிந்ததும் திரும்ப உயிர் கொடுக்கும்.

வெள்ளையும் அப்படியே பேட்டரி நெகட்டிவுக்குப் போவது நல்லது. என் வண்டிக்கு முதலில் மாட்டிக்கொடுத்த பட்டறை, டேஷ்போர்டுக்குள் கைக்கு எட்டிய ஒரு போல்ட்டில் எர்த்தைச் சேர்த்துவிட்டது. போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. வெயில் நாளில் பிரேக் பிடித்தது, ஈர நாளில் திரை மின்னி மின்னி அணைந்தது. ஒயரைக் கழற்றிப் பேட்டரிக்கு நேராக இழுத்த பிறகு அந்த மின்னல் திரும்பி வரவேயில்லை.

சிவப்புதான் ஆட்களைத் தடுமாற வைக்கும். பிரேக் பெடல் கைக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பார்ப்பதற்கு, டிரைவர் இருக்கையில் முதுகைப் போட்டு, தலையைப் பெடலுக்குக் கீழே விட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படுக்க வேண்டும். சுவிட்சிலிருந்து வரும் ஒயர்களில் ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். இன்னொன்றில் பெடலை அழுத்தினால் மட்டும் வரும். சிவப்பு சேர வேண்டியது இந்த இரண்டாவதில். டெஸ்ட் லேம்ப்பை வைத்து, இன்னொருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லி, மிதிக்கும்போது மட்டும் எரிகிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள். இண்டிகேட்டர் போட்டும் ஒருமுறை பாருங்கள், அதற்கும் எரிந்தால் அது வேறு ஒயர்.

புது வண்டிகளில் இந்தச் சுவிட்ச் கம்ப்யூட்டருக்குத் தகவல் மட்டும் அனுப்பும், விளக்கு மின்சாரம் அதன் வழியாகப் போகாது. அங்கே ஒயரை வெட்டினால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும், க்ரூஸ் கண்ட்ரோல் (காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) வேலை செய்யாது. அப்படிப்பட்ட வண்டிக்கு அதற்கென்றே செய்த அடாப்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இந்த ஒரு ஒயரை மட்டும் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மீதியை நீங்களே செய்யலாம்.

மே 9, இரவு

நீல ஒயரை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர். மறக்கவில்லை, தனியாக எழுத வைத்திருந்தேன்.

10 அங்குல, 12 அங்குல டிரம்களில் ஒரு காந்தம் முழு அளவில் சுமார் 3 ஆம்ப் இழுக்கும். ஒற்றை ஆக்சிலுக்கு 6, இரட்டைக்கு 12. சின்ன எண்தான், ஆனால் நீளமான பயணம்: டேஷ்போர்டிலிருந்து பின் பம்பர், அங்கிருந்து டிரெய்லர் ஆக்சில், திரும்பி எர்த் வழியாக வீடு. போய்வரும் தூரத்தை 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மெல்லிய 16 கேஜ் ஒயரில் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும்) 6 ஆம்புக்கே கிட்டத்தட்ட 1 வோல்ட் வழியில் தொலைந்துவிடும். 12 கேஜில் 0.4 வோல்ட்தான். இரட்டை ஆக்சில் என்றால் இரண்டையும் இரண்டால் பெருக்குங்கள். பேட்டரி தருவதே பன்னிரண்டு சொச்சம் என்னும்போது 2 வோல்ட் போவது, இருக்கிற பிரேக்கில் ஆறில் ஒரு பங்கை ஒயருக்குத் தானம் செய்வது. விளக்குக்குப் போடும் ஒயரை நீலத்துக்குப் போடாதீர்கள். 12 கேஜ், தூரம் அதிகமென்றால் 10.

மே 10

ஒயரைச் சேர்க்க ஈயம் உருக்கி ஒட்டும் சாலிடரா, உலோகக் குழாயில் செருகி நசுக்கும் கிரிம்ப்பா என்று வாசகர்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. என் பக்கம் கிரிம்ப், அதன் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கிக்கொள்ளும் உறை). வண்டி நாள் முழுக்க அதிர்கிறது. சாலிடர் முடியும் இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் அங்கேதான் அறும். நல்ல கிரிம்ப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாலும் வராது. ஒயரைக் கடித்துக்கொள்ளும் அந்தப் பிளாஸ்டிக் கிளிப்களைச் சிவப்பு ஒயருக்குக்கூடப் போடாதீர்கள். காற்றுப் பட்டு உள்ளே பச்சை பிடித்துவிடும்.

மே 12

கேட்டவர் ப்ராடிஜி வாங்கிவிட்டாராம், எங்கே மாட்டுவது என்கிறார். ஸ்டீயரிங்குக்கு வலமோ இடமோ, கை இயல்பாக விழும் இடத்தில். மூன்றைக் கவனியுங்கள்: முழங்கால் ஏர்பேக் விரியும் வழியில் இருக்கக் கூடாது, திரை தெரிய வேண்டும், பெட்டி பக்கவாட்டில் திரும்பாமல் வண்டி போகும் திசையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மேல்-கீழ்ச் சாய்வைக் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் அது தானாகச் சரிசெய்துகொள்ளும். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சென்சார் வேகக்குறைவைச் சரியாக அளக்காது. குட்டை ஸ்க்ரூ போடுங்கள், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்க் கொத்து ஓடுகிறது.

மே 16

மாட்டியாயிற்று, கெயினை, அதாவது டிரெய்லர் பிரேக்கின் உச்ச அளவைத் தீர்மானிக்கும் எண்ணை, எவ்வளவில் வைப்பது? "ஆறில் வையுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் டிரெய்லருக்கு ஆறு. உங்களுடையதற்கு எவ்வளவு என்று ரோட்டில்தான் தெரியும்.

சாமான் ஏற்றிய டிரெய்லரோடு, ஆள் இல்லாத, காய்ந்த, சமமான தார் ரோட்டுக்குப் போங்கள். கெயினைக் குறைவில் வைத்து 40 கி.மீ. வேகத்தில் கை லீவரை முழுதாக அழுத்துங்கள், கால் பெடலைத் தொடக் கூடாது. டிரெய்லர் பிடித்து இழுப்பது முதுகில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் கொஞ்சம் ஏற்றி மறுபடி. டிரெய்லர் டயர் உருளாமல் தேயும் சத்தம் எப்போது கேட்கிறதோ, அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். ஒருவரைப் பாதுகாப்பாக ரோட்டோரம் நிற்கவைத்து டயரைப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது, ஓட்டுபவர் காதுக்கு எட்டுவதற்கு முன்பே பூட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியும். பூட்டிய சக்கரம் உருளும் சக்கரத்தைவிடக் குறைவாகவே நிறுத்தும், பக்கவாட்டில் வழுக்கவும் செய்யும்.

அப்புறம் பெடலை வழக்கம்போல் மிதித்துப் பாருங்கள். சரியாக அமைந்தால் பின்னால் ஒன்று இருப்பதே தெரியாமல் வண்டி நிற்கும். முன்னால் தள்ளினால் கெயின் போதவில்லை, பின்னால் வெட்டி இழுத்தால் அதிகம்.

பூஸ்ட் என்று ஒன்று இருக்கும். கெயின் உச்ச அளவைத் தீர்மானிக்கிறது, பூஸ்ட் பிரேக் எவ்வளவு பலமாக ஆரம்பிக்க வேண்டும் என்பதை. டிரெய்லர் வண்டியைவிட இலேசென்றால் பூஸ்ட் இல்லாமலே ஆரம்பியுங்கள். இரண்டும் சம எடைக்குப் பக்கத்தில் வந்தால் முதல் படி. டிரெய்லர்தான் கனம் என்றால் அடுத்த படிகள்.

புது டிரெய்லருக்கு இன்னொன்று: ஷூவின் மேலுள்ள லைனிங் டிரம்மோடு பழகும் வரை பிரேக் மந்தமாகத்தான் இருக்கும். 60-லிருந்து 30 கி.மீ. வரைக்கும் டிரெய்லர் பிரேக்கைக் கொண்டு வேகத்தைக் குறைப்பது, சூடு ஆற இடைவெளி விடுவது, மறுபடி குறைப்பது என்று ஒரு இருபது முப்பது தடவை செய்துவிட்டு, பிறகு கெயினைத் திரும்பப் பாருங்கள். முன்பு வைத்த எண் இப்போது அதிகமாக இருக்கும்.

மே 17

நேற்றையதோடு ஒரு வரி. கெயின் ஒருமுறை வைத்துவிட்டு மறக்கும் எண் அல்ல. டேங்கில் தண்ணீர் காலியானால் மாறும், மழையில் மாறும், சரளைக் கல்லில் நிறையவே மாறும். என் டிரெய்லரில் சரளைக்கு இறங்கும்போதே கெயினைப் பாதியாக்கிவிடுவது வழக்கம்.

மே 21

"எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்கவில்லை, கண்ட்ரோலர் டூப்ளிகேட்டோ?" என்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் டிரெய்லர் பிளக்கைக் கழற்றி, நீலப் பின்னுக்கும் வெள்ளைப் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். ஒரு காந்தச் சுருள் 3 ஓம் சொச்சம். இரண்டு சேர்ந்தால் ஒன்றரைக்குப் பக்கம், நான்கு சேர்ந்தால் 0.8. இரண்டு காந்தம் உள்ள டிரெய்லரில் மீட்டர் 3 காட்டினால் ஒரு பக்கம் அறுந்துவிட்டது. ஒன்றுமே காட்டாவிட்டால் இரண்டும் போயிருக்கிறது, அல்லது எர்த் இல்லை. கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட்.

ஷார்ட் என்றால் முதலில் ஆக்சில் குழாயைப் பாருங்கள். பல டிரெய்லர்களில் ஒரு சக்கரத்திலிருந்து மறுசக்கரத்துக்குப் போகும் ஒயர் ஆக்சில் குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும். ஓட ஓட இரும்பில் உரசி உறை தேய்ந்துவிடும். நண்பர் ஒருவரின் டிரெய்லரில் நாங்கள் இழுத்தெடுத்த ஒயரில் ஒரு சாண் நீளத்துக்குத் தாமிரம் பளபளவென்று தெரிந்தது, குழாயின் வாயில் கறுப்பாகப் புகைக்கறை. புது ஒயரை வெளியே, ஆக்சிலின் மேல்புறமாக, உறைக்குழாய் போட்டுக் கட்டிவிட்டோம்.

மீட்டர் கையில் இல்லையா, ஒரு திசைகாட்டி போதும். ஒருவர் கை லீவரை அழுத்த, நீங்கள் திசைகாட்டியைச் சக்கரத்தின் பின்தட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். காந்தம் உயிரோடிருந்தால் முள் திரும்பும் அல்லது நடுங்கும். ஒவ்வொரு சக்கரமாகப் போனால் எது செத்தது என்று சட்டென்று தெரியும்.

மே 24

பிரேக்அவே சுவிட்ச் பற்றி யாருமே கேட்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். டிரெய்லர் முன்கையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து கம்பியோடு ஒரு பின். ஹிட்ச் கழன்று டிரெய்லர் பிரிந்தால் கம்பி பின்னைப் பிடுங்கும், டிரெய்லரில் உள்ள பேட்டரி நேரே காந்தங்களுக்குப் பாயும், டிரெய்லர் தானே நிற்கும். இதற்கும் உங்கள் கண்ட்ரோலருக்கும் சம்பந்தமில்லை. கண்ட்ரோலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், டிரெய்லரில் பேட்டரி செத்திருந்தால் இது வெறும் அலங்காரம்.

சோதிக்கும்போது 7-பின் பிளக்கை முதலில் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் பின்னைப் பிடுங்கினால் பேட்டரி மின்சாரம் நீல ஒயர் வழியாகக் கண்ட்ரோலருக்குள் திரும்பிப் போய் அதைக் கெடுக்கலாம். பின்னைப் பிடுங்கி, வண்டியால் மெதுவாக இழுத்து, டிரெய்லர் சக்கரம் மறுக்கிறதா என்று பார்த்து, உடனே திரும்பச் செருகுங்கள். இதைப் பார்க்கிங் பிரேக்காகப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காந்தம் சூடாகும், பேட்டரி தீரும், கடைசியில் டிரெய்லர் உருளும். கட்டை வையுங்கள்.

கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியோடு சேர்த்து மாட்டாதீர்கள், வண்டிச் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். அதேபோல் ஹிட்ச் பந்திலும் வேண்டாம். பந்தே கழன்றுவிட்டால் கம்பியும் அதோடு போகும்.

மே 25

நீண்ட இறக்கம் பற்றிக் கேட்டவருக்கு: கண்ட்ரோலர் இருக்கிறதென்று பிரேக்கிலேயே இறங்காதீர்கள். டிரம் சூடாகிவிட்டால் மின்சாரம் முழுதாகப் போனாலும் ஷூ பிடிக்காது. கியரைக் குறைத்து எஞ்சின் பிடிமானத்தில் இறங்கி, வேகம் ஏறும்போது பலமாக, சுருக்கமாக ஒருமுறை மிதித்து விடுங்கள். தொட்டுக்கொண்டே இருந்தால் டிரம்முக்கு ஆற நேரமே கிடைக்காது.

இன்னொருவர் டிரெய்லர் ஆட்டத்துக்குக் கெயினைக் கூட்டினால் சரியாகுமா என்கிறார். ஆகாது. மின் பிரேக் டிரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இறங்க வேண்டும். 1,400 கிலோவுக்கு 140 முதல் 210 கிலோ. கனமான சாமானைப் பின் கேபினிலிருந்து ஆக்சிலுக்கு முன்னால் மாற்றிவிட்டு, ஹிட்ச் எடையை அளந்து பாருங்கள். உங்கள் வண்டியின் ஹிட்ச் அந்த எடையைத் தாங்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜூன் 1

முதலில் கேட்டவர் டிரெய்லரோடு பயணம் போய்வந்து எழுதியிருக்கிறார், மனசுக்கு நிறைவாக இருந்தது. இரண்டு சந்தேகம் கேட்டிருக்கிறார்.

முதலாவது, அபாய விளக்கைப் போட்டால் கண்ட்ரோலர் திரையும் சேர்ந்து துடிக்கிறதாம். சில வண்டிகளில் அந்த விளக்கின் மின்சாரம் பிரேக் லைட் ஒயருக்குள் திரும்பி வரும், கண்ட்ரோலர் அதைப் பெடல் என்று நினைக்கும். விகிதாசார வகையில் வேகக்குறைவு இல்லாததால் டிரெய்லருக்குப் போவது மிகக் குறைவு. பூஸ்ட் அதிகமாக வைத்திருந்தால் மட்டும் ஒவ்வொரு துடிப்புக்கும் லேசாக வெட்டும். அப்போது பூஸ்ட்டை ஒரு படி இறக்குங்கள். டைமர் வகையில் இந்தத் தொல்லை பெரிது, அதற்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டு ஒயரைப் பிரிக்க வேண்டிவரும்.

இரண்டாவது, ஆரம்பத்தில் இருந்ததைவிட இப்போது கெயினை ஏற்ற வேண்டியிருக்கிறதாம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. உங்களுடையது தானாகச் சரிசெய்யும் வகையாக இல்லாவிட்டால் முதல் 300 கி.மீ. ஓடியதும் ஒருமுறை கையால் சரிசெய்ய வேண்டும், அப்புறம் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்து, பின்தட்டின் அடியில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே பல் பல்லாக ஒரு சின்னச் சக்கரம் தெரியும். தட்டை ஸ்க்ரூ டிரைவரால் அதைத் திருப்பிக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றுவதற்கே கஷ்டமாகும் வரை இறுக்கி, பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றி, லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள், ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் டிரெய்லர் அந்தப் பக்கம் இழுக்கும். ரப்பர் மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள், தண்ணீர் போகும். அதற்குப் பிறகு 40 கி.மீ. சோதனையை முதலிலிருந்து செய்து கெயினை வையுங்கள்.